கரீபியன் கப்பல் பயணம்: ராயல் கரீபியனா, செலிபிரிட்டியா?

டல்லாஸில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருடம். ஐந்து வயதுப் பையனை, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் விட்டுவிட்டு, பிப்ரவரியில் மனைவியும் இவரும் மட்டும் ஒரு வாரம் கரீபியன் போக நினைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் கப்பல் பயணம். ஒரு பக்கம் மயாமியிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியனின் 'ஐகான் ஆஃப் த சீஸ்'. இன்னொரு பக்கம் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கிளம்பும் செலிபிரிட்டியின் எட்ஜ் வகைக் கப்பல் ஒன்று. இரண்டும் ஏழு இரவு, பால்கனி கேபின், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. காரில் மலை ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். இவருக்கு எப்போதாவது ஒரு பீர். "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஆனால் அவருடைய உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில் இல்லை. நடுவில் ஒரு வரி வருகிறது: "பெரிய கப்பலில் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ, சின்னக் கப்பலில் மூன்றாம் நாளே போரடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது." அதுதான் கேள்வி. குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் தனியாகப் போகிற வாரம் வீணாகிவிடக் கூடாது என்கிற கவலை அது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் புளோரிடாவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் ஒன்பது வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவன். உதவிப் பரிமாறுபவனாகச் சேர்ந்து, ஹெட் வெயிட்டராக இறங்கினேன். இப்போது கரையில் உட்கார்ந்து கப்பல் பயணங்களைப் பதிவு செய்து தருகிறேன். இந்த இரண்டு கம்பெனியில் எதை விற்றாலும் எனக்குக் கமிஷன் உண்டு. அதனால் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. கப்பல், துறைமுகம், சாப்பாடு, செலவு பற்றி உறுதியாகச் சொல்வேன். கடல் எப்படி இருக்கும், சாப்பாடு உங்கள் நாக்குக்குப் பிடிக்குமா என்பதில் யாராலும் உறுதி தர முடியாது.

முதலில் ஒரு விஷயம். இவை போட்டிக் கம்பெனிகள் இல்லை. ராயல் கரீபியன் 1968-இல் நார்வேக்காரர்கள் தொடங்கியது. செலிபிரிட்டி 1980களின் கடைசியில் கிரேக்கச் சாண்ட்ரிஸ் குடும்பம் தொடங்கியது. கப்பலின் புகைபோக்கியில் பெரிதாகத் தெரியும் எக்ஸ், உண்மையில் அந்தக் குடும்பப் பெயரின் முதல் கிரேக்க எழுத்து. 1997-இல் ராயல் கரீபியன் அதை வாங்கிவிட்டது. இன்று இரண்டுக்கும் ஒரே முதலாளி, தலைமையிடமும் மயாமிதான். அதனால் பாதுகாப்பிலும் சுத்தத்திலும் எது உசத்தி என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளை வேறு வேறு குணத்தோடு வளர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தக் குணம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதே பேச்சு.

இப்போது கூட்டம். ஐகான் 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கியபோது உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல். 20 தளம், 365 மீட்டர் நீளம், கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள். முதல் எட்ஜ் கப்பல் 2018 டிசம்பரில் வந்தது; அதே கணக்கில் 2,918 பேர். இதைப் பார்த்தவுடன் ஐகானில் தோளோடு தோள் இடிக்கும் என்று தோன்றும். ஆனால் கப்பலின் கொள்ளளவையும் பாருங்கள். கப்பல்காரர்கள் கிராஸ் டன்னேஜ் என்று சொல்வது எடை இல்லை, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதன் அளவு. ஐகானுக்கு அது 2,48,663. எட்ஜுக்குச் சுமார் 1,30,000. தலைக்கு வகுத்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 44 வரும். அதாவது, கேபினுக்கு இருவராக நிரம்பினால் ஓர் ஆளுக்குக் கிடைக்கும் இடம் இரண்டு கப்பலிலும் ஒன்றுதான்.

வித்தியாசம் எப்போது வரும் என்றால், கேபினில் மூன்றாவது நான்காவது படுக்கையும் நிரம்பும்போது. ஐகானில் எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பேர் ஏறலாம். அப்போது தலைக்கு 44 என்பது 33-க்கும் கீழே போய்விடும். அந்தக் கூடுதல் படுக்கைகளில் படுப்பது யார்? பிள்ளைகள். பள்ளி விடுமுறை வாரங்களில்தான் அந்தக் கப்பல் முழுக்க நிரம்பும். உங்கள் பிப்ரவரியில் இதுதான் பெரிய கண்ணி. பிப்ரவரி மூன்றாவது திங்கள் அமெரிக்காவில் பிரசிடென்ட்ஸ் டே. நிறையப் பள்ளிகள் அதை ஒட்டிச் சில நாளோ ஒரு வாரமோ மூடிவிடும். அந்த வாரம் விலையும் ஏறும், லிஃப்ட்டுக்கு நிற்கும் நேரமும் ஏறும். ஜனவரிக் கடைசி வாரமோ பிப்ரவரி முதல் வாரமோ போனால் அதே கப்பல் வேறு கப்பல் மாதிரி இருக்கும். கம்பெனியைத் தேர்வு செய்வதைவிட இந்த வாரத் தேர்வு உங்கள் பயணத்தை அதிகம் மாற்றும் என்று அடித்துச் சொல்வேன்.

சரி, வாரத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய நான் வாடிக்கையாளர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கரையே தொடாமல் கடலிலேயே கழியும் நாளில் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்வீர்கள்? ஏழு இரவுப் பயணத்தில் இப்படிப்பட்ட நாள் இரண்டோ மூன்றோ வரும். 'சீ டே' என்பார்கள். இறங்கிச் சுற்றும் நாளில் எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்பதே மறந்துவிடும். சீ டே அன்றுதான் கப்பலின் குணம் தெரியும்.

ஐகானில் சீ டே எப்படி இருக்கும் என்றால், காலை எட்டு மணிக்கே நாற்காலிகளில் துண்டு விழும். ஏழு நீச்சல் குளம், ஆறு பெரிய நீர்ச்சறுக்கு உள்ள பூங்கா, பனிச்சறுக்கு வளையம், முன்பக்கம் கண்ணாடிக் கூரைக்கு அடியில் உயரத்திலிருந்து குளத்துக்குள் குதிக்கும் கலைஞர்களின் காட்சி. நடுவில் வானம் பார்த்த ஒரு தோட்டம், ராயல் கரீபியன்காரர்கள் சென்ட்ரல் பார்க் என்று பெயர் வைத்தது, ஆயிரக்கணக்கான நிஜச் செடிகளோடு. அந்தத் தோட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே ஒரு நடை போனால் ஏதோ ஊரின் பழைய தெருவில் நடப்பது போல் இருக்கும், கடலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஆனால் இதில் பாதியை அனுபவிக்க நீங்கள் திட்டம் போட வேண்டும். காட்சிகள் இலவசம், ஆனால் பயணத்துக்கு முன்பே செயலியில் இடம் பிடிக்க வேண்டும். இத்தனை மணிக்கு இது, அது முடிந்ததும் அது என்று நாள் ஓடும். அந்த ஓட்டம் பிடித்தவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

எட்ஜில் சீ டே வேறு மாதிரி. ஒரு பெரிய நீச்சல் குளம், பக்கத்திலேயே கண்ணாடிக் கூரை போட்ட, 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சோலாரியம் குளம். பின்பக்கம் ஈடன் என்று மூன்று தள உயரக் கண்ணாடிக் கூடம். அங்கே ஒரு சோபாவில் உட்கார்ந்தால் கப்பல் விட்டுச் செல்லும் வெள்ளை நுரைத் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிடலாம். சாயங்காலம் மார்ட்டினி பாரில், உறைபனி படர்ந்த மேடைக்குப் பின்னால் நின்று பாட்டில்களைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பார்கள், கூட்டம் சேரும். நல்ல பாட்டு, நல்ல சாப்பாடு. நீர்ச்சறுக்கு கிடையாது. நள்ளிரவு வரை திருவிழாவும் கிடையாது. பயணிகளில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறைய. முப்பத்தைந்து வயதில் நீங்கள் அங்கே இளையவர்கள் பக்கம்தான் இருப்பீர்கள்.

நான் பரிமாறிய நாட்களில் ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் மேஜைகள் எப்போதும் என் பொறுப்பில் நாலைந்து இருக்கும். அங்கே உட்கார்ந்த ஒரு ஜோடி இன்னும் நினைவில் இருக்கிறது. முதல் இரவு இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் படத்தைப் பாட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். இரண்டாம் இரவு அந்தப் பெண் போனைக் கைப்பையில் போட்டார். நான்காம் இரவு நாங்கள் கூடத்தை மூடப் போகும் நேரத்தில், பக்கத்து மேஜைகளில் மறுநாள் காலைக்கான கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் மட்டும் ஒரே தட்டில் இருந்த ஒரு துண்டு கேக்கை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் சைகை காட்டினார், அந்த மேஜையைக் கடைசியில் துடைக்கலாம் என்று. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது. குழந்தை இல்லாமல் முதல் தடவை வரும் தம்பதிக்கு வேண்டியது அந்த நாலாம் இரவு. அதற்கு நேரம் காலியாக இருக்க வேண்டும். அதனால் என் பதில் செலிபிரிட்டி. நீர்ச்சறுக்கும் பனிச்சறுக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் மனதார வேண்டும் என்றால் மட்டும் ஐகான். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் அவனோடு ஐகான் போங்கள், அந்தக் கப்பல் அவனுக்காகவே கட்டியது.

அடுத்து துறைமுகம். விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒரு வித்தியாசம் இதில் இருக்கிறது. ஐகான் அளவுக் கப்பல்கள் கரையில் துறைமேடையோடு ஒட்டி நிற்கக்கூடிய ஊர்களுக்கு மட்டுமே போகும். கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவதை டெண்டர் என்பார்கள். அத்தனை ஆயிரம் பேரை அப்படி இறக்குவது நடக்காத காரியம். அதனால் கிழக்குப் பக்கம் என்றால் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன். மேற்குப் பக்கம் என்றால் கொசுமெல், ரோவட்டான், கோஸ்டா மாயா. இவற்றோடு பஹாமாஸில் கம்பெனியின் சொந்தத் தீவான கோகோகே. இந்த வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். எட்ஜ் வகைக் கப்பல் கிராண்ட் கேமன் மாதிரி டெண்டர் ஊருக்கும் போகும். அதன் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேடை தொங்கும், மேஜிக் கார்ப்பெட் என்று பெயர். மேல் தளங்களில் நிறுத்தினால் உணவகம், இரண்டாம் தளத்துக்கு இறக்கினால் டெண்டர் படகில் ஏறும் இடம். கிராண்ட் கேமனில் ஸ்டிங்ரே சிட்டி என்ற மணல் திட்டில் இடுப்பளவுத் தெளிந்த தண்ணீரில் நின்றால் திருக்கை மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும். நீச்சல் தெரியாதவர்களும் நிற்கலாம்.

கோகோகே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐகானை விரும்புகிறவர்கள் அதைக் காரணமாகச் சொல்வார்கள். நல்ல இடம்தான். கடற்கரை நாற்காலி, பெரிய நன்னீர்க் குளம், பெரும்பாலான சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கும், பெரியவர்களுக்கு மட்டுமான ஹைட்அவே கடற்கரைக்கும் தனிக் கட்டணம். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று வீசினால் அங்கே கப்பலைத் துறைமேடையில் கட்ட முடியாமல் போவது நடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். ஊரை மாற்றவும் விட்டுவிடவும் கப்பலுக்கு ஒப்பந்தப்படி உரிமை உண்டு, நஷ்டஈடு கேட்க முடியாது. அதோடு 2024 முதல் செலிபிரிட்டியின் சில கப்பல்களும் கோகோகே போகின்றன. ஆகவே அதற்காக மட்டும் ஐகானைத் தேர்வு செய்ய வேண்டாம்.

இன்னொன்று, உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்காக. தெற்குக் கரீபியன் பயணங்களில் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகள் வந்தால் விட்டுவிடாதீர்கள். 1853-இலும் 1854-இலும் தொடங்கி, புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பலேற்றப்பட்ட தீவுகள் அவை. மொழி போய்விட்டது, மாரியம்மன் வழிபாடு இன்னும் இருக்கிறது. அங்கே சந்தையில் 'கொலம்போ' என்று ஒரு மசாலாப் பொடி விற்பார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். மூக்கருகில் கொண்டுபோனால் வீட்டுக் குழம்புப் பொடி வாசனை. கப்பல் வேலை நாட்களில் அந்த வாசனையோடு நான் நின்ற சந்தை எனக்கு எந்தக் கடற்கரையைவிடவும் முக்கியம்.

உங்கள் மனைவியின் தலைசுற்றலுக்கு வருகிறேன். இரண்டு கப்பலுக்கும் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் உண்டு, இரண்டுமே பெரியவை. சின்னப் படகு ஆடுவது போல் எதுவும் ஆடாது. ஐகான் இன்னும் நீளம் என்பதால் கொஞ்சம் கூடுதல் நிதானம் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காகக் கப்பலை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து. கேபின் எங்கே என்பதுதான் பெரிய வித்தியாசம். பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரம்தான் ஏறி இறங்கும், நடு அசையாது. கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதி, முடிந்தவரை கீழ்த்தளம். ஏஜென்ட்டிடம் 'மிட்ஷிப்' என்று சொல்லி, கேபின் எண்ணை வாங்கிவிடுங்கள். எண் தராமல் "வகை மட்டும் உறுதி, அறை நாங்கள் ஒதுக்குவோம்" என்ற மலிவுக் கட்டணத்தை உங்கள் வீட்டுக்காரம்மாவுக்காகத் தவிருங்கள்.

பிப்ரவரியில் கிழக்குக் கரீபியனில் வியாபாரக் காற்று, அதாவது கிழக்கிலிருந்து ஓயாமல் வரும் 'டிரேட் விண்ட்', பலமாக வீசும் காலம். புளோரிடாவிலிருந்து கிழக்கே போகிற முதல் இரண்டு நாள் அந்தக் காற்றை எதிர்த்துப் போகிறோம். திரும்பும்போது காற்று முதுகில். மேற்கு வழி பல வாரங்களில் மெதுவாக இருக்கும் என்பது என் அனுபவம், ஆனால் வடக்கத்திக் குளிர்க்காற்று இறங்கினால் அங்கேயும் ஆடும். இதில் எதையும் முன்கூட்டி வாக்குக் கொடுக்க முடியாது. ஆட்டம் வரப்போகிறது என்றால் எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்திலேயே தெரிந்துவிடும். மேஜை விரிப்பை லேசாக நனைப்போம், தட்டும் கோப்பையும் நழுவாமல் இருக்க. மாடிப்படிக் கைப்பிடிகளில் காகிதப் பைகள் முளைக்கும். ஊழியர்கள் தலைசுற்றினால் சாப்பிடுவது பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும். எனக்கு அது கேட்டது, எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். மெக்லிசின் மாத்திரை அமெரிக்காவில் மருந்துக்கடையிலேயே சீட்டு இல்லாமல் கிடைக்கும். தூக்கம் வரும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போடுவதைவிட முன்னாடியே போடுவதுதான் பலன் தரும்.

எட்ஜ் கேபினில் இன்னொரு விஷயம். அதன் பெரும்பாலான பால்கனிகள் நாம் நினைக்கும் பால்கனி இல்லை. அறையின் கடல்பக்கச் சுவரே கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் மேல்பாதிக் கண்ணாடி கீழே இறங்கும், அந்த இடமே பால்கனி. 'இன்ஃபினிட் வெராண்டா' என்பார்கள். அறை பெரிதாகத் தெரியும், ஆனால் வெளியே கால் வைத்து நின்ற உணர்வு வராது. காற்று பலமானால் கப்பலிலிருந்தே கண்ணாடியைப் பூட்டிவிடுவார்கள். தலைசுற்றுகிறவர்களுக்கு முகத்தில் காற்று படுவது பெரிய ஆறுதல். அதனால் பதிவு செய்யும் முன் இதை இரண்டு பேரும் ஒரு வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐகானில் நேர்மாறான ஒரு சிக்கல்: பால்கனி என்று போட்டிருக்கும் சில கேபின்கள் கடலைப் பார்க்காமல் உள்ளே சென்ட்ரல் பார்க்கைப் பார்க்கும். விலை குறைவாகத் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சாப்பாட்டில்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு பேச முடியும். இரண்டிலும் உங்கள் மனைவி பட்டினி கிடக்க மாட்டார். ராயல் கரீபியனின் விண்ட்ஜாமர் பஃபே, செலிபிரிட்டியின் ஓஷன்வியூ கஃபே இரண்டிலும் பருப்பு, சோறு, ஏதாவது ஒரு காய்க் கறி இருக்கும். சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர்கள் நிறையப் பேர். இரவு மெயின் டைனிங்கில் இந்திய சைவ உணவு கேட்டால் தருவார்கள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மேல்நாட்டுச் சமையலறையில் முட்டை அதற்குள் அடக்கம். சூப்பில் கோழி எலும்புச் சாறு, தாய்லாந்துக் குழம்பில் மீன் சாஸ் இருக்கிறதா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். முதல் இரவே பரிமாறுபவரிடம் இல்லை, ஹெட் வெயிட்டரிடம் சொல்லுங்கள்: இந்திய சைவம், முட்டை வேண்டாம், மாமிசச் சாறு வேண்டாம். அவர் ஒவ்வொரு இரவும் மறுநாள் பட்டியலை உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார். முந்தின நாளே சொன்னால் சமையலறை உங்களுக்காகத் தனியாகச் செய்யும். சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டால் வேகவைத்த காய்தான் வரும். நான் இந்த வேலையைச் செய்தவன், அந்தச் சீட்டு சாயங்காலத்துக்குள் சமையலறைக்குப் போனால் நடக்கும் வித்தியாசத்தைப் பார்த்தவன்.

மொத்தத்தில் எட்ஜில் சாப்பாடு ஒரு படி மேல் என்பது என் நாக்கின் தீர்ப்பு. அங்கே ஒரே பெரிய கூடத்துக்குப் பதில் நார்மண்டி, டஸ்கன், சைப்ரஸ், காஸ்மோபாலிட்டன் என்று நாலு சின்ன உணவகங்கள், நாலும் கட்டணத்தில் அடக்கம். சத்தம் குறைவு. அதுவும் உங்கள் நாலாம் இரவுக்கு உதவும்.

செலவில் "விலை ஒன்றுதான்" என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. செலிபிரிட்டி இரண்டு விதமாக விற்கும். 'ஆல் இன்க்லூடட்' என்றால் மதுபானப் பேக்கேஜும் அடிப்படை வைஃபையும் உள்ளே. அது இல்லாத கட்டணமும் உண்டு. உங்களுக்குச் சொன்ன விலையில் எது என்று பாருங்கள். ஒருவர் குடிக்காதவர், இன்னொருவர் எப்போதாவது ஒரு பீர் என்றால் பேக்கேஜ் வேண்டாம், வைஃபையைத் தனியாக வாங்குங்கள். ராயல் கரீபியனில் மதுப் பேக்கேஜ் தனி. அங்கே ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் 21 வயதான மற்றவரும் வாங்க வேண்டும் என்பது விதி. தினம் ஒரு பீர் குடிக்க இரண்டு பேருக்கும் ஏழு நாள் பேக்கேஜ் வாங்குவது வீண். இரண்டிலும் டிப்ஸ் தனி: ஆளுக்கு நாளுக்கு 18 டாலரை ஒட்டி, இரண்டு பேருக்கு வாரத்துக்கு 250 டாலருக்குமேல் கணக்கில் சேரும். அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். கேபின் சுத்தம் செய்பவருக்கும் பரிமாறுகிறவருக்கும் சம்பளத்தின் பெரும் பங்கு அதுதான். விலை பின்னால் குறைந்தால், கடைசித் தவணைக்கு முன்பு கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஏழு இரவுப் பயணத்துக்கு அந்தத் தவணை 90 நாள் முன்பே வந்துவிடும்.

புகை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: செலிபிரிட்டியின் சூதாட்டக் கூடத்தில் புகைபிடிக்க அனுமதி இல்லை, ராயல் கரீபியனில் உண்டு.

நீங்கள் டல்லாஸ் என்பதால் டெக்சாஸிலேயே இருக்கும் துறைமுகமான கால்வெஸ்டனையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் ராயல் கரீபியன் அங்கே சொந்த முனையம் திறந்தது. ஐகானுக்கு அடுத்த பெரிய வகையான ஓயாசிஸ் வகைக் கப்பலே அங்கிருந்து மேற்குக் கரீபியன் போகிறது. காரில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம், விமானச் செலவு மிச்சம். பணம்தான் முதல் கவலை என்றால் என் பதில் மாறும். அப்போது பள்ளி நாளில் கால்வெஸ்டன். புளோரிடாவுக்குப் பறப்பதாக இருந்தால் கண்டிப்பாக முந்தின நாளே போய்ச் சேருங்கள். பிப்ரவரியில் டல்லாஸில் பனி உறைந்து விமானம் நின்றால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. அப்புறம், இன்ஷூரன்ஸ். உங்கள் ஆபீஸ் மருத்துவக் காப்பீடு கப்பலில் செல்லுமா என்று கேளுங்கள், பல செல்லாது. கப்பல் டாக்டர் கட்டணத்தைக் கேபின் கணக்கில் ஏற்றிவிடுவார்.

கடைசியாக, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் விசா விவரத்தை நீங்கள் எழுதவில்லை. எச்1பி (வேலை விசா), எச்4 (அவர் குடும்பத்தாருக்கான விசா) என்றால் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டை எடுத்து விசா முத்திரையின் தேதியைப் பாருங்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறை அனுமதி தந்து அனுப்பும் ஐ-797 காகிதம் செல்லுபடியாக இருப்பது வேறு, பாஸ்போர்ட்டில் முத்திரை செல்லுபடியாக இருப்பது வேறு. முத்திரை காலாவதியானாலும் 30 நாளுக்குள் திரும்பலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தச் சலுகை எச் விசாக்காரர்களுக்குக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்கும் சேர்த்து அது பொருந்துவது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறங்கினாலும், நடுவில் வேறு நாட்டைத் தொட்டால் வெளிநாடு போய் வந்த கணக்குதான். என்னிடம் பதிவு செய்யாமல் கடைசி நேரத்தில் போன் மட்டும் செய்த ஒரு தம்பதி, பெட்டியோடு முனைய வாசலில் நின்றுகொண்டு பேசினார்கள். கணவருக்கு முத்திரை இருந்தது, மனைவிக்கு இரண்டு மாதம் முன்பு முடிந்திருந்தது. அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவர்களுக்கு ஊர் திரும்ப விமான டிக்கெட் பார்த்துக் கொடுத்தது மட்டும். கிரீன் கார்டு என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அது இருந்த பிறகும், உங்கள் பயணத்தில் வரும் ஒவ்வொரு தீவுக்கும் இந்தியர்களுக்கு என்ன கேட்கிறார்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். தேதியும் முத்திரையும் சரியாக இருந்தால், எட்ஜில் நடுப்பகுதிக் கேபின் எண் இரண்டு மூன்றைக் குறித்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.